பலப் பயிற்சி தொடங்கும் முன் அந்தக் கால் வலியைப் பார்ப்போம்

கோவையிலிருந்து 42 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யார் என்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வங்கி வேலை, இரண்டு பிள்ளைகள். நான்கு ஆண்டுகளாக ரேஸ்கோர்ஸில் ஒரு குழுவோடு ஓடுகிறார். சில அரை மராத்தான்களை முடித்திருக்கிறார்; வரும் ஜனவரியில் சென்னையில் முதல் முழு மராத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். வாரத்தில் ஐந்து நாள், மொத்தம் 50 கிலோமீட்டர் அளவுக்கு ஓட்டம். இரண்டு மாதமாக வலது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்பக்கத்தில் வலி. ஆரம்பத்தில் இரண்டு கிலோமீட்டர் ஓடியதும் அடங்கிவிடுமாம். இப்போது ஓட ஓடக் கூடுகிறது. படி இறங்கும்போதும், சில ராத்திரிகளில் படுக்கையிலும் தெரிகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு முன் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறார்.

"காலில் பலம் இல்லை, அதனால்தான் வலி" என்று குழுவில் ஒருவர் சொல்ல, ஜிம்மில் சேர்ந்திருக்கிறார். அங்கே பயிற்சியாளர் வாரத்தில் ஐந்து நாள், ஓடி முடித்த கையோடு, இரண்டு கிலோ டம்பெல்லை வைத்து ஒவ்வொரு பயிற்சியும் 20 முறை, நடுவில் ஓய்வில்லாமல் என்று கொடுத்திருக்கிறார். பளு தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். தொடை பெருத்துவிடும், வேகம் குறையும் என்கிறார்கள் தோழிகள். பலப் பயிற்சி எனக்குத் தேவையா, எந்த நாளில் செய்வது, ஐஸ் குளியல், மசாஜ் கருவி, புரோட்டீன் பவுடர் எல்லாம் வாங்க வேண்டுமா, ஜனவரியில் ஓடலாமா என்பவை கேள்விகள்.

கடிதத்தின் கடைசியில் இன்னும் சில வரிகள். ஏழு மாதமாக ராத்திரிச் சாப்பாட்டை விட்டு 60 கிலோவிலிருந்து 54 கிலோவுக்கு வந்திருக்கிறார். முட்டையும் சேர்க்காத சைவம். காலை 4.30 மணிக்கு எழுந்திருப்பதால் தூக்கம் ஐந்தரை மணி நேரம்தான். ஐந்து மாதத்தில் இரண்டு முறைதான் மாதவிடாய் வந்தது; "வயதாகிறது, நிற்கப்போகிறது போல" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

நான்கு ஆண்டுகளாக வேலையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு விடாமல் ஓடுகிறீர்கள். அந்த ஓட்டம் இன்னும் இருபது, முப்பது ஆண்டு உங்களோடு இருக்க வேண்டும் என்பதை மனதில் வைத்தே பதில் எழுதுகிறேன். அதனால் உங்கள் கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். எந்தப் பயிற்சி, எந்த நாள் என்பது அப்புறம். முதலில் கால். அடுத்தது நீங்கள் கடைசியாக எழுதிய அந்த வரிகள்.

எக்ஸ்ரே சரியாக இருப்பது போதாது

கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் வலியின் போக்கு எனக்குக் கவலை தருகிறது. ஓடுபவர்களுக்கு முன்னெலும்பின் உள்ளோரத்தில் வரும் வலி பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, ஓட்டக்குழுக்களில் ஷின் ஸ்பிளின்ட் என்று சொல்கிறார்களே, அது. எலும்பின் ஓரத்தில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல், ஒரு சாண் நீளத்துக்குக்கூட, பரவலாக வலிக்கும். உடம்பு சூடானதும் குறையும். இன்னொன்று, எலும்பிலேயே ஏற்படும் அழுத்தக் காயம். முற்றினால் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது எலும்பில் மெல்லிய கீறல். இதில் ஒரு விரல் நுனியால் "இங்கேதான்" என்று தொட்டுக் காட்டிவிடலாம். ஓட ஓட வலி கூடும். நடக்கும்போதும் படுத்திருக்கும்போதும் வர ஆரம்பிக்கும். உங்கள் வலி முதல் வகை போலத் தொடங்கி இரண்டாவது வகையின் பக்கம் நகர்ந்திருக்கிறது.

இந்தக் காயம் எக்ஸ்ரேயில் முதல் சில வாரங்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. பல பேருக்குக் கடைசிவரை தெரிவதே இல்லை. கீறலைச் சுற்றிப் புது எலும்பு படிய ஆரம்பித்த பிறகுதான் படத்தில் நிழல் விழும். எம்.ஆர்.ஐ எடுத்தால் எலும்புக்குள் இருக்கும் நீர்க்கோர்வை ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். எந்த அளவுக்குக் காயம், எத்தனை வாரம் ஓய்வு என்பதையும் அதை வைத்துச் சொல்ல முடியும். ஆகவே ஒரு எலும்பு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ இந்த வாரமே பார்த்து, ராத்திரியிலும் வலிக்கிறது என்பதை மறக்காமல் சொல்லி, எம்.ஆர்.ஐ தேவையா என்று கேளுங்கள். அதுவரை ஓட வேண்டாம், குதிக்கவும் வேண்டாம். ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று குழுவில் யாராவது சொன்னால் அதையும் செய்யாதீர்கள். அந்தச் சோதனையை மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஓட்டத்துக்கு முன் போடும் வலி மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. மூன்று மணி நேரம் வியர்த்து, உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அதோடு இந்த மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்தின் மேல் இரட்டைச் சுமை. வெறும் வயிற்றில் குடலுக்கும் ஆபத்து. இதையெல்லாம்விட, நிறுத்து என்று கால் கொடுக்கும் ஒரே எச்சரிக்கையை அது அமுக்கிவிடுகிறது. ஓட்டக்காரர்கள் இந்த மாத்திரையை ஏதோ ஓட்டத்தின் நடுவில் சாப்பிடும் சத்து ஜெல் பாக்கெட் போல இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு போவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

எலும்பு எதை வைத்துக் கட்டும்?

ஒவ்வொரு ஓட்டத்திலும் எலும்பில் நுண்ணிய சேதம் ஏற்படுவது இயல்பு. பழுதான பகுதியை ஒருவகைச் செல்கள் முதலில் அரித்து எடுக்கும்; பிறகு வேறுவகைச் செல்கள் அங்கே புது எலும்பைக் கட்டும். அரிப்பது சில வாரங்களில் முடிந்துவிடும், கட்டுவதற்கு மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில் சுமையைக் கூட்டிக்கொண்டே போனாலும் காயம்தான். கட்டுவதற்கு வேண்டிய சத்தும் ஹார்மோனும் குறைந்தாலும் காயம்தான். உங்கள் விஷயத்தில் இரண்டும் நடக்கிறது என்று சந்தேகிக்கிறேன்.

வாரம் 50 கிலோமீட்டர் ஓடும் ஒருவர் ராத்திரிச் சாப்பாட்டை விட்டால், ஓட்டத்துக்குப் போக மிச்சமிருக்கும் ஆற்றல் உடம்பின் அன்றாட வேலைகளுக்கே பற்றாது. அப்போது உடம்பு செலவைக் குறைக்கப் பார்க்கும். பெண்களிடம் அது முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று மாதவிடாய். சினைப்பை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு அரிப்பு கூடும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்த ஆற்றல் பற்றாக்குறை நிலைக்கு 2014-இல் ரெட்-எஸ் (RED-S) என்று தனிப் பெயரே வைத்து, 2023-இல் வழிகாட்டுதலைப் புதுப்பித்தது. ஒல்லியான போட்டி வீராங்கனைகளுக்கு மட்டும் வருவது என்று நினைக்க வேண்டாம். 54 கிலோ உங்கள் உயரத்துக்குச் சரியான எடையாகவே இருக்கலாம். இருந்தும் தினசரிக் கணக்கில் பற்றாக்குறை இருக்க முடியும். ஆண்களுக்கும் இது வரும், அவர்களுக்கு இப்படி ஒரு அறிகுறி இல்லாததால் தெரியாமலே போகும்.

"நிற்கப்போகிறது போல" என்று நீங்கள் எழுதியது உண்மையாகவும் இருக்கலாம். 42 வயதில் மாதவிடாய் தள்ளித் தள்ளி வர ஆரம்பிப்பது உண்டு. ஆனால் அது கடைசியாக வர வேண்டிய முடிவு. முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அப்புறம் தைராய்டு, புரோலாக்டின், சினைப்பை ஹார்மோன்கள். கூடவே ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் டி மூன்றையும் பார்த்துவிடுங்கள். விடிவதற்குள் ஓடி முடித்து, பகலெல்லாம் வங்கிக்குள் இருப்பவருக்குக் கோவையில் எவ்வளவு வெயில் அடித்தாலும் வைட்டமின் டி குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். எம்.ஆர்.ஐயில் எலும்புக் காயம் உறுதியானால், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனை வேண்டுமா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். அந்த அறையில் ராத்திரிச் சாப்பாட்டை விட்டதையும் ஓட்டத்தின் அளவையும் நீங்களாகவே சொல்லுங்கள். கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டை இன்றைக்கே திரும்பக் கொண்டு வாருங்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காலையில் ஓடக் கிளம்பும் நாட்களில் ஒரு வாழைப்பழமாவது உள்ளே போகட்டும். புரதக் கணக்கு இது: சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் என்று நம் நாட்டுப் பரிந்துரை. தொடர்ந்து பயிற்சி செய்பவர்களுக்கு 1.2 கிராமில் தொடங்குகிறது. உங்களுக்கு நாளுக்கு 65 முதல் 85 கிராம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். இட்லி, சாம்பார், சாதம், ரசம், ஒரு கப் தயிர் என்று போனால் இதில் பாதிதான் தேறும். 50 கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல் செய்தால் 10 கிராம், 100 கிராம் பனீரில் 18 கிராம் அளவுக்கு, 50 கிராம் சோயா உருண்டையில் 25 கிராம், ஒரு பெரிய டம்ளர் பாலில் 8 கிராம். மூன்று வேளைக்கும் பிரித்துப் போட்டால் பவுடர் இல்லாமலே எட்டிவிடலாம். நேரமில்லாத நாளில் ஒரு கரண்டி வே புரோட்டீன் கலந்து குடிப்பதில் தவறில்லை, அது பாலிலிருந்து எடுத்த புரதம்தான். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வாரத்தில் நாலு நாள் களியோ கூழோ தோசையோ சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட உடனே காபி, டீ வேண்டாம். கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை அவை சேரவிடாது. நெல்லிக்காயும் எலுமிச்சையும் சேரவைக்கும்.

இப்போது பலப் பயிற்சி

தேவையா? நிச்சயமாகத் தேவை, 40 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு ஓடாவிட்டாலும் தேவை. ஆனால் உங்களுக்குக் கிடைத்திருக்கும் திட்டம் பலப் பயிற்சி ஆகாது. இரண்டு கிலோ டம்பெல்லை மூச்சு வாங்க 20 முறை தூக்குவது நீங்கள் ஏற்கெனவே நிறையச் செய்துகொண்டிருக்கும் தாங்குதிறன் பயிற்சியின் இன்னொரு வடிவம். வியர்வை கொட்டும், தசைக்கோ தசைநாருக்கோ புதிதாக எதுவும் கிடைக்காது. ஐந்து நாளும் ஓட்டத்தின் மேல் அதையும் ஏற்றினால் ஓய்வுக்கு இருந்த நேரமும் போய்விடுகிறது.

நார்வேயில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், நன்றாகப் பயிற்சி பெற்ற ஆண், பெண் ஓட்டக்காரர்கள் வாரம் மூன்று நாள், நான்கு முறைக்கு மேல் தூக்க முடியாத அளவு கனமான எடையோடு அரை ஸ்குவாட் (பாதி உட்கார்ந்து எழுவது) செய்தார்கள். எட்டு வாரத்தில் அதே வேகத்தில் ஓடுவதற்கு அவர்களுக்குத் தேவைப்பட்ட ஆக்ஸிஜன் 5 சதவீதம் குறைந்தது. உடல் எடை கூடவில்லை. உங்கள் தோழிகளுக்கான பதில் இதிலேயே இருக்கிறது. தசை பெருக்க உபரிச் சாப்பாடும், பல ஆண்டுப் பயிற்சியும், ஆண்களிடம் பல மடங்கு அதிகமாக இருக்கும் டெஸ்டோஸ்டீரோனும் வேண்டும். வாரம் 50 கிலோமீட்டர் ஓடுபவருக்குத் தொடை பெருக்கும் என்ற கவலை வேண்டவே வேண்டாம்.

இன்னொரு ஆய்வு, ஃபின்லாந்தில் 1999-இல் வெளியானது, எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. குதிப்பு, வேகக் குறும்ஓட்டம் போன்ற வெடிப்பு வலிமைப் பயிற்சிகளைச் செய்தவர்கள் 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் முன்னேறினார்கள். ஆனால் அந்தப் பயிற்சியை அவர்கள் ஏற்கெனவே இருந்ததன் மேல் ஏற்றவில்லை. மொத்தப் பயிற்சியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை ஓட்டத்திலிருந்து எடுத்து இதற்குக் கொடுத்தார்கள். நம் ஊரில் யாரும் செய்ய மறுப்பது இதைத்தான். ஒரு நாள் ஓட்டத்தைக் குறைத்து அந்த இடத்தில் பளு தூக்குங்கள் என்றால் கிலோமீட்டர் கணக்கு கெட்டுவிடுமே என்கிறார்கள்.

பலம் வந்தால் காயமே வராது என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பல விளையாட்டுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வில் வலிமைப் பயிற்சி காயங்களை நன்றாகக் குறைத்தது. ஆனால் நியூயார்க் மராத்தானை முதல் முறை ஓடத் தயாரானவர்களிடம், 12 வாரம் வீட்டில் தாங்களே செய்யும்படி கொடுத்த சிறு பயிற்சித் திட்டம் காயத்தைக் குறைக்கவில்லை. மேற்பார்வை இல்லாத, எடை கூடாத லேசான பயிற்சிக்கு ஓரளவுக்குமேல் பலன் எதிர்பார்க்க முடியாது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். எப்படியும், ஏற்கெனவே வந்துவிட்ட எலும்புக் காயத்தை ஸ்குவாட் போட்டுச் சரிசெய்ய முடியாது.

மாமியாரின் பயத்தை ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டு பிரசவம் ஆனவருக்கு இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்திருக்கலாம். ஓடும்போதோ தும்மும்போதோ சிறுநீர் கசிகிறதா, கீழே ஏதோ இறங்குவது போலக் கனமாக இருக்கிறதா? இருந்தால் மகப்பேறு மருத்துவரையும், இடுப்புத்தளப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்டையும் முதலில் பாருங்கள். இல்லையென்றால், மூச்சை இறுக்கிப் பிடிக்காமல், தூக்கும்போது வெளியே விட்டு, படிப்படியாக எடை கூட்டுவதில் பயப்பட ஒன்றுமில்லை. வீட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேனைக் குனிந்து தூக்குவது நீங்களாகத்தான் இருக்கும். அதைச் சரியாகத் தூக்கக் கற்றுக்கொள்வதும் இந்தப் பயிற்சியின் ஒரு பகுதி என்று அவரிடம் சொல்லுங்கள்.

வாரத்தில் எப்படி வைப்பது?

எலும்பு மருத்துவர் கால்மேல் பாரம் போடலாம் என்று சொன்ன பிறகு, வாரம் இரண்டு நாள், ஒவ்வொன்றும் 40 நிமிடம் போதும். ஸ்குவாட், ருமேனியன் டெட்லிஃப்ட் (இடுப்பிலிருந்து குனிந்து எடையோடு நிமிர்வது), படியேறும் பயிற்சி, கெண்டைக்காலுக்குக் குதிகாலை உயர்த்தும் பயிற்சி முட்டியை நீட்டி ஒன்று, மடக்கி ஒன்று, பக்கவாட்டு பிளாங்க் (ஒருக்களித்து முழங்கையில் ஊன்றி உடம்பை நேராகப் பிடிப்பது). இதில் முட்டியை மடக்கிச் செய்வதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். ஓடும்போது கெண்டையின் ஆழத்தில் இருக்கும் சோலியஸ் தசை உடல் எடையைப் போல ஆறு முதல் எட்டு மடங்கு விசையைத் தாங்குகிறது; அதை வேலை வாங்குவது இந்தப் பயிற்சிதான். முதல் மூன்று நான்கு வாரம் லேசான எடையில் 10, 12 முறை செய்து முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் எடையைக் கூட்டி 5 முதல் 8 முறை, மூன்று செட். செட் முடியும்போது இன்னும் இரண்டு முறை தூக்கியிருக்கலாம் என்ற நிலையில் நிறுத்த வேண்டும். நடுவில் இரண்டு, மூன்று நிமிடம் முழு ஓய்வு. சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும், பரவாயில்லை.

எந்த நாள் என்றால், வேக ஓட்டம் இருக்கும் அதே நாளின் சாயங்காலத்தில். கேட்டால் விசித்திரமாக இருக்கும். ஆனால் கடினமானவை ஒரே நாளில் சேர்ந்தால் மறுநாள் உண்மையான லேசான நாளாக இருக்கும். தள்ளித் தள்ளி வைத்தால் வாரத்தில் ஒரு நாள்கூட உடம்புக்கு ஓய்வு கிடைக்காது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஆறு மணி நேரம் விடுங்கள். ஞாயிறு நீண்ட ஓட்டம் என்றால் செவ்வாய், வியாழன் சாயங்காலங்கள் சரியாக வரும். தசை வலி மறுநாளைவிட இரண்டாம் நாள் கூடுதலாக இருக்கும், அது இயல்பு. ஓட்டம் வாரம் நான்கு நாளாகக் குறையட்டும்.

எலும்பைப் பற்றி ஒன்று. நீண்ட தூரம் ஓடினால் எலும்பு பலப்படும் என்று பலர் நம்புகிறார்கள். விலங்குகளில் செய்த ஆய்வுகளின்படி, ஒரே மாதிரி அதிர்வு சில டஜன் முறை வந்தாலே எலும்புச் செல்கள் அதற்குப் பழகிப்போய்க் கவனிக்காமல் விட்டுவிடுகின்றன. பல மணி நேர இடைவெளிக்குப் பிறகுதான் அந்த உணர்திறன் திரும்புகிறது. அதனால் முழுதும் ஆறிய பிறகு, மருத்துவர் அனுமதியோடு, பயிற்சி நாட்களில் 20 முறை ஸ்கிப்பிங் குதிப்பது எலும்புக்கு நல்ல தூண்டுதல்.

ஐஸ், மசாஜ், கைக்கடிகாரம்

ஐஸ் குளியல் வலி உணர்வைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் பலப் பயிற்சி முடிந்ததும் தவறாமல் குளிர்நீரில் இறங்கியவர்களுக்குத் தசை வளர்ச்சி குறைந்ததை 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பளு தூக்கிய நாளில் வேண்டாம். மசாஜ் கருவியும் தசைமேல் உருட்டும் ஃபோம் ரோலரும் சிறிது நேரத்துக்கு இதமாக இருக்கும். கெண்டையில் வைக்கலாம், வலிக்கும் எலும்பின் மேல் வைக்காதீர்கள். கைக்கடிகாரம் காட்டும் மீட்பு நேரத்தை நம்பி ஓடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது இதயத்துடிப்பை வைத்துப் போடும் கணக்கு. உங்கள் முன்னெலும்பில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரிய வழியில்லை.

இவை எல்லாவற்றுக்கும் ஆகும் பணத்தையும் நேரத்தையும்விட ஒன்றரை மணி நேரத் தூக்கம் அதிகம் தரும். இதை எழுதும்போது உங்கள் வீட்டு நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. பிள்ளைகள் படுத்து, பாத்திரம் கழுவி, மறுநாளைக்குக் காய் நறுக்கி முடிக்கவே பதினொன்று ஆகும். ஓட்டம் நான்கு நாளாகக் குறைந்தால் மூன்று காலைகள் ஆறு மணிவரை தூங்கலாம். மற்ற நாட்களில் ராத்திரி வேலையில் பாதியைக் கணவர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டக்காரரின் ஓய்வு வீட்டில் எல்லோரும் சேர்ந்து கொடுக்க வேண்டியது. கேட்டு வாங்குங்கள்.

ஜனவரி?

எம்.ஆர்.ஐயில் எலும்பு சுத்தமாக இருந்து, வெறும் ஷின் ஸ்பிளின்ட் என்றால், வலி அடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம். அப்போதும் முழு மராத்தானைவிட 10 கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்வதையே நான் விரும்புவேன். எலும்புக் காயம் என்றால் லேசானதற்கே நான்கு முதல் எட்டு வாரம் ஓட்டம் கிடையாது, கீறல் விழுந்திருந்தால் மூன்று மாதம், சிலருக்கு அதற்கும் மேல். அதற்குப் பிறகு நடை, ஓட்டம் என்று மாற்றி மாற்றித் தொடங்கி, 42 கிலோமீட்டருக்குத் தயாராக இந்த ஜனவரி போதாது. இதைப் படிக்கும்போது மனம் உடைவது எனக்குத் தெரியும். இடைப்பட்ட காலத்தில் வலி இல்லாமல் முடிந்தால் நீச்சல், சைக்கிள், மேலுடம்புப் பயிற்சிகள் எல்லாம் செய்யலாம். இதயமும் நுரையீரலும் பெரிதாகப் பின்னுக்குப் போகாது.

ஒரு எச்சரிக்கையை மட்டும் தனியாகச் சொல்கிறேன். இடுப்பு மடிப்பிலோ தொடையின் மேல்பகுதியிலோ காலை ஊன்றும்போது வலி புதிதாக வந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தொடையெலும்பின் கழுத்தில் வரும் காயம் முறிவாக மாறினால் அறுவை சிகிச்சைவரை போகும். அதே போல முன்னெலும்பின் முன்விளிம்பில் கீறல் என்று அறிக்கையில் இருந்தால், அது மெதுவாக ஆறும் வகை. எத்தனை வாரம் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மராத்தான் நுழைவுக் கட்டணத்தைப் பெரும்பாலும் திருப்பித் தருவதில்லை. ஆனால் தூரத்தைக் குறைத்துக்கொள்ளவோ அடுத்த ஆண்டுக்கு மாற்றிக்கொள்ளவோ சில போட்டிகளில் கடைசித் தேதி இருக்கும். பதிவு செய்தபோது வந்த மின்னஞ்சலை இன்றே எடுத்துப் பார்த்து, மருத்துவச் சான்றோடு அமைப்பாளர்களிடம் கேட்டுவிடுங்கள்.